பக்கம் எங்கே?

கேள்வி: பாடம் முடிந்து பத்து நிமிடம் மிச்சமிருந்தால் எங்கள் தமிழ் ஐயா ஏதாவது ஒரு நாவலில் ஒரு பக்கம் வாசிப்பார். நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு, "மீதி நூலகத்தில் இருக்கு" என்பார். அவரால்தான் வாசகன் ஆனேன். நீலகிரி எழுத்தாளர்களை இணையத்தில் அறிமுகப்படுத்த ஆறு மாதமாக அவர்கள் புகைப்படம், புத்தக அட்டை, பாராட்டு வரிகள் எல்லாம் போடுகிறேன். லைக் விழுகிறது. புத்தகம் கேட்டு ஒருவரும் வரவில்லையே, ஏன்?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: உங்கள் ஐயா எழுத்தாளரின் புகைப்படத்தையா காட்டினார்? பக்கத்தை வாசித்தார். உங்களிடம் இல்லாதது அந்தப் பக்கம்தான். "மலையின் குரல்", "மகத்தான படைப்பாளி" என்றால் யாருக்கும் ஒன்றும் தெரிந்துவிடாது. உறைபனியில் உருளைக்கிழங்குச் செடி கருகிக் கிடக்கும் காலையைப் பற்றி எழுத்தாளர் எழுதிய பக்கத்தைப் போடுங்கள், தெரியும்.

250 முதல் 300 சொல் போதும். முன்கதை சொல்லாமலே புரிகிற இடமாக இருக்கட்டும். முதல் பக்கம் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. அடியில் நூலின் பெயர், பதிப்பித்த ஆண்டு, விலை, கிடைக்கும் இடம். சொந்தப் பதிப்பு என்றால் பிரதி யாரிடம் இருக்கிறது என்பதைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு போடுங்கள். உங்கள் ஐயா "நூலகத்தில் இருக்கு" என்று சொல்லாமல் விட்டிருந்தால் நீங்கள் போயிருப்பீர்களா?

அனுமதி எழுத்தில் வேண்டும். உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் பதிப்பகத்தையும் கேளுங்கள். எழுத்தாளர் காலமாகிவிட்டால், மறு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை வாரிசுகளுடையது. அரசு நாட்டுடைமை ஆக்கி, யாரும் பதிப்பிக்கலாம் என்று விட்ட நூல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நீலகிரியின் படகர் இன மக்களின் வாழ்வைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' அப்படிப்பட்டது, அதிலிருந்தே தொடங்கலாம்.

எழுத்தைப் படமாகப் போடுவதை இன்றே நிறுத்துங்கள். தேடினால் கிடைக்காது, பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் வாசித்துக் காட்டாது. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். எழுத்தாளர் பழைய பாமினி எழுத்துருவில் கோப்பு தந்தால் யூனிகோடு மாற்றியில் போட்டு, பிறகு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். 'கௌ' என்பது 'கெ', 'ள' என்று இரண்டெழுத்தாக விழுந்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடும்போது சொல் அகப்படாது.

அச்சுப் பக்கத்தை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும், அங்கே தடுமாறும். 'எ' வரவேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு உட்கார்ந்திருக்கும். அந்தக் காலப் புத்தகமென்றால் கையால் அடிப்பதே சீக்கிரம் முடியும்.

பழைய சிற்றிதழ்க் கட்டுகளை மழைக்காலத்தில் பிரிக்காதீர்கள். ஈரம் ஏறிய தாள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த நாளாகப் பாருங்கள். நடுவில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் இருந்தால் இழுக்கக் கூடாது, நடுத்தாள் கிழிந்து கையோடு வரும். உட்புறம் மடிந்திருக்கும் இரண்டு காலையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக மெதுவாக எடுங்கள்.

படகர்களின் படக மொழிப் பாட்டென்றால் தமிழ் எழுத்து மட்டும் போதாது. 'க' என்ற ஒரே எழுத்து அங்கே இரண்டு ஒலிக்கு நிற்கும். ஊரில் பாடத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கேட்டு, அவர் குரலைப் பதிவு செய்து எழுத்தோடு சேர்த்துப் போடுங்கள். தமிழ் உரைநடைக்கும் இது பொருந்தும்: எழுத்தாளரையே அந்த ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். பின்னணி இசை வேண்டாம்.