கசடில் பாஸ்பரஸ் எவ்வளவு? கேள்வி பதில்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையக் கசடில் பாஸ்பரஸ் அளப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், ஒரே கசடை இரண்டு லேபுக்கு அனுப்பினோம். ஒன்று 2.1 சதவீதம் என்கிறது, இன்னொன்று 4.8. யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பலாம். 2.1-ஐ 2.29-ஆல் பெருக்கிப் பாருங்கள், 4.8 வரும். ஒருவர் பாஸ்பரஸாகக் கொடுத்திருக்கிறார். மற்றவர் உரக்காரர்கள் வழக்கப்படி பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கொடுத்திருக்கிறார். பாஸ்பேட்டாகக் கொடுப்பவர்களும் உண்டு, அதை 3.07-ஆல் வகுத்தால் பாஸ்பரஸ். ரிப்போர்ட்டில் இது எழுதியில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள். ஈர எடைக்கா, உலர் எடைக்கா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஏரேஷன் (காற்றூட்டும்) தொட்டியில் எடுக்கும் மாதிரி லேபுக்குப் போய்ச் சேர ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. கரைந்த பாஸ்பேட் எப்போதும் எகிறி வருகிறது. வெளியேறும் நீரில் அப்படி இல்லையே?

உங்கள் நிலையம் பாக்டீரியாவை வைத்துப் பாஸ்பரஸ் நீக்குவது என்று நினைக்கிறேன். அந்த பாக்டீரியா காற்று கிடைக்கும்போது பாஸ்பேட்டை உள்ளே இழுத்து, பாலிபாஸ்பேட்டாகக் கோத்துச் சேமிக்கும். காற்று போனால் சேமித்ததைத் திரும்ப வெளியே விடும். பாட்டிலை மூடிய கொஞ்ச நேரத்திலேயே உள்ளே இருக்கும் ஆக்சிஜனைக் கசடு தின்றுவிடும். அப்புறம் உங்கள் பாட்டிலே ஒரு காற்றில்லாத் தொட்டிதான். லேப் அளந்தது உண்மையான எண்; ஆனால் அது பாட்டிலின் எண், தொட்டியின் எண் அல்ல.

எனவே தொட்டிக் கரையிலேயே வடிகட்டுங்கள். 0.45 மைக்ரான் ஃபில்டர் கசடை நேராக ஊற்றினால் இரண்டு மில்லியிலேயே அடைத்துக்கொள்ளும். முதலில் சாதாரண வடிதாளில் ஊற்றி, வந்த நீரை சிரிஞ்ச் ஃபில்டரில் தள்ளுங்கள். ஐஸ் பெட்டி இந்த வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. “கெடாமல் இருக்கட்டும்” என்று வடிகட்டும் முன்பே அமிலம் விடுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கால்சியம் பாஸ்பேட்டும் ஸ்ட்ரூவைட்டும் (மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் படிகம்) கரைந்து வந்து கணக்கையே கெடுக்கும்.

மொத்த பாஸ்பரஸ் மட்டும் போதும் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பாட்டிலுக்குள் அது எந்த உருவத்தில் இருந்தாலும் கூட்டுத்தொகை மாறாது.

கேள்வி: பாஸ்பரஸை வகை பிரித்து அளக்கச் சொல்கிறார் கைடு. எஸ்.எம்.டி. முறை கசடுக்குச் சரிப்படுமா?

சரிப்படும், ஒரு எச்சரிக்கையோடு. அது நன்னீர்ப் படிவுகளுக்காக ஐரோப்பிய ஆணையத்தின் ‘ஸ்டாண்டர்ட்ஸ், மெஷர்மென்ட்ஸ் அண்ட் டெஸ்டிங்’ (எஸ்.எம்.டி.) திட்டத்தில் உருவான முறை. உலர்ந்த தூளில் 200 மி.கி. வீதம் மூன்று பங்கு எடுங்கள். ஒன்றை 450 டிகிரியில் மூன்று மணி நேரம் சாம்பலாக்கி 3.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் மொத்தம். இன்னொன்றை 1 மோலார் அமிலத்தில் 16 மணி நேரம் குலுக்கினால் கனிம பாஸ்பரஸ். மிஞ்சியதைச் சாம்பலாக்கிக் கரைத்தால் கரிம பாஸ்பரஸ். மூன்றாவதை 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் குலுக்கினால் இரும்பு, அலுமினியத்தோடு பிணைந்தது. அதில் மிஞ்சியதை அமிலத்தில் போட்டால் கால்சியத்தோடு பிணைந்தது.

காரச் சாறு கடுங்காப்பி நிறத்தில் வரும். அதை அப்படியே நிறமானியில் வைக்காதீர்கள். அமிலம் விட்டு இரவு முழுக்க விட்டால் பழுப்பு வீழ்படிவாக இறங்கும். சென்ட்ரிஃப்யூஜ் செய்து மேல்நீரை எடுங்கள். கனிமமும் கரிமமும் சேர்ந்து மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட வரவேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

எச்சரிக்கை இதுதான்: பாலிபாஸ்பேட்டுக்கு இந்த முறையில் தனிப் பெட்டி இல்லை. அமிலத்தில் உடைந்த அளவு கனிமக் கணக்கில் ஏறிவிடும். இரும்பு சேர்க்கும் நிலையக் கசடு என்றால் கவலையில்லை. பாக்டீரியா வழி நிலையக் கசடுக்கு, காரமும் ஈ.டி.டி.ஏ.வும் (உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) சேர்ந்த கரைசலில் சாறு எடுத்து பாஸ்பரஸ்-31 என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) பாருங்கள். ஆர்த்தோபாஸ்பேட் (கோக்காத தனிப் பாஸ்பேட்) நிறமாலையில் 6 பி.பி.எம். பக்கம் (இது செறிவு அல்ல, கோட்டின் இடம்), பாலிபாஸ்பேட் −20 பக்கம் என்று தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

கேள்வி: நீல நிறம் வரவைத்துப் பாஸ்பேட்டை அளக்கிறோம். மாதிரியே இல்லாத பிளாங்க்கும் நீலமாக வருகிறது.

பாஸ்பேட் உள்ள சோப்புத்தூள்தான் காரணமாக இருக்கும். கண்ணாடிச் சாமான்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள், இந்த வேலைக்கென்றே தனியாக வையுங்கள். அஸ்கார்பிக் அமிலக் கரைசலைப் புதிதாகக் கலக்குங்கள். நிறம் வந்த 10 முதல் 30 நிமிடத்துக்குள், 880 நானோமீட்டரில் படியுங்கள்.

கேள்வி: எங்களிடம் ஐ.சி.பி. (பிளாஸ்மாவில் தனிமங்களை அளக்கும் கருவி) இருக்கிறது. இந்த நீல நிற வேலை எதற்கு?

ஐ.சி.பி. பாஸ்பரஸ் அணுவைத்தான் எண்ணும், அது எந்தச் சேர்மத்தில் இருந்தது என்று சொல்லாது. நீல நிற முறை ஆர்த்தோபாஸ்பேட்டைத்தான் பார்க்கும். வடிகட்டிய ஒரே நீரை இரண்டிலும் அளந்து கழித்துப் பாருங்கள். வித்தியாசம் பெரும்பாலும் பாலிபாஸ்பேட்டும் கரிமமும்தான். தாமிரம் அதிகமுள்ள கசடில் பாஸ்பரஸின் 213.6 நானோமீட்டர் நிறமாலைக் கோட்டை நம்பாதீர்கள், தாமிரத்தின் கோடு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: ஜெர்மனியில் ஏதோ 20 கிராம் கணக்காமே?

ஆமாம். 2017-இல் திருத்திய கசடு விதிப்படி, உலர் கசடில் கிலோவுக்கு 20 கிராமோ அதற்கு மேலோ பாஸ்பரஸ் இருந்தால் அதை மீட்டாக வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்ட அளவுள்ள நிலையங்களுக்கு 2029 முதல், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 2032 முதல். 19.6-க்கும் 20.3-க்கும் இடையில் என் பார்வையில் லேப் பிழைதான் இருக்கிறது, அங்கே ஒரு பெரிய முதலீடே அதில் நிற்கிறது.

கேள்வி: கசடைக் காற்றில்லாமல் செரிக்கும் டைஜஸ்டருக்குப் பிறகு பைப்பில் வெள்ளைப் படிகம். ஸ்ட்ரூவைட்டா?

நீர்த்த அமிலத்தில் ஒரு துண்டு போடுங்கள். நுரைத்தால் கார்பனேட். சத்தமில்லாமல் கரைந்தால் ஸ்ட்ரூவைட்டாக இருக்கலாம். பாஸ்பரஸ் எடையில் 12.6 சதவீதத்தை ஒட்டி வருகிறதா பாருங்கள். உறுதி செய்ய எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனைக்கு அனுப்பும்போது 105 டிகிரி அடுப்பில் மட்டும் காயவைக்காதீர்கள். அம்மோனியாவும் நீரும் பறந்து படிகம் உடைந்துவிடும். நிழலில் காயட்டும்.