அந்த இரண்டு புள்ளியை அழித்துவிடாதீர்கள்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் விளையும் கொக்கோவை வாங்கி வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறேன். புது உறையில் 'கொக்கோ' என்ற சொல்லைப் பழைய மாயா எழுத்தில் போட ஆசை. டிசைனர் இணையத்திலிருந்து மூன்று படம் எடுத்துத் தந்தார். ஒன்றில் மீன், பக்கத்தில் சீப்பு மாதிரி ஒன்று, கீழே இன்னொரு குறி. இரண்டாவதில் மீனே இல்லை; சீப்பும் கீழ்க்குறியும் இருக்கின்றன, மூலையில் இரண்டு சின்னப் புள்ளி. மூன்றாவதில் ஐந்து குறிகள் வரிசையாக. முதல் இரண்டும் எழுத்துப்பிழை, மூன்றாவதுதான் சரி, ரூ.15,000 கொடுத்தால் 'மாயா எழுத்துச் சான்றிதழ்' வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு லோகோ ஏஜென்ட். எதைப் போடுவது? பின்பக்கத்துக்கு மாயா காலண்டர் வட்டமும் எடுத்து வைத்திருக்கிறோம்.

பதில்: முதலில் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டால் விடை கிடைத்துவிடும். முதல் இரண்டும் சரி, மூன்றாவது தப்பு.

மாயர்கள் என்றால் மெக்சிகோ, குவாதமாலா பக்கத்துப் பழங்குடி மக்கள். கொக்கோவுக்கு அவர்கள் சொன்னது, நம் எழுத்தில் கிட்டத்தட்ட, 'கக்கவ்'. அதை க-க-வ என்று மூன்று அசைக்குறிகளால் எழுதினார்கள். கடைசிக் குறியில் இருக்கும் அகரத்தைப் படிப்பவர் விழுங்கிவிட வேண்டும். நம் பழைய ஓலைச்சுவடிகளிலும் புள்ளி வைக்காமல்தானே எழுதினார்கள்? படிப்பவர் மனசுக்குள் புள்ளி வைத்துக்கொண்டார். அதேதான் இங்கேயும்.

அப்படியானால் ஒரு சொல் ஏன் இரண்டு விதமாக இருக்கிறது? மாயா எழுத்தில் ஓர் ஒலிக்கு ஒரே குறி என்ற கட்டாயம் இல்லை. 'க' என்ற அசைக்கு முழு மீனையும் வரையலாம், அந்த மீனின் துடுப்பை மட்டுமும் வரையலாம். உங்களுக்குச் சீப்பாகத் தெரிவது துடுப்புதான். முதல் படத்தில் மீன் ஒரு 'க', துடுப்பு இன்னொரு 'க', கீழே இருப்பது 'வ'. எழுதியவர்கள் இந்தச் சுதந்திரத்தை ரசித்தே பயன்படுத்தினார்கள். பலேங்கே என்ற மாயா நகரத்தை 615 முதல் 683 வரை ஆண்ட பக்கால் அரசரின் பெயருக்குக் 'கேடயம்' என்று பொருள். சில இடத்தில் வெறும் கேடயப் படம், சில இடத்தில் கேடயத்தோடு கடைசி ஒலியைக் காட்டும் 'ல', சில இடத்தில் ப-க-ல என்று முழுக்க அசையாக. ராஜா பெயரையே இத்தனை விதமாக எழுதிய ஊரில் உங்கள் ஏஜென்ட் எழுத்துப்பிழை கண்டுபிடித்திருக்கிறார்!

இப்போது இரண்டாவது படம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அச்சுக்கூடத்தில் கெடப்போவது இதுதான். குறியின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு சின்னப் புள்ளிகளுக்கு 'இந்த அசையை இரண்டு தடவை படி' என்று அர்த்தம். ஒரே துடுப்பு, அதன்மேல் இரண்டு புள்ளி, ஆக 'க-க'. பிறகு 'வ'. சொல் முழுசாக வந்துவிட்டது. ஆனால் டிசைனர்கள் கண்ணுக்கு அந்தப் புள்ளிகள் ஸ்கேனில் விழுந்த தூசியாகத் தெரிகின்றன. ஒருவர் சுத்தம் செய்கிறேன் என்று அழித்துவிடுவார். சொல் 'கவ்' ஆகிவிடும். பழைய எழுத்தர்களே சில கிண்ணங்களில் புள்ளியை விட்டு 'க-வ' என்று சுருக்கியிருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்கள் கொக்கோ குடிக்கும் கிண்ணத்தின் மேலேயே எழுதினார்கள், படிப்பவருக்குக் குழப்பம் வராது. உங்களுக்கு அந்தச் சலுகை வேண்டாம். இன்னொருவர் அழகுக்காகப் புள்ளிகளைப் பெரிதாக்கி இடப்பக்கத்திலோ தலைக்கு மேலேயோ வைப்பார். மாயா எண்களில் ஒரு புள்ளி ஒன்று, கோடு ஐந்து. பெரிதாக்கிய இரண்டு புள்ளி '2' என்ற எண்ணாகிவிடும். மூன்றாவது ஆள், சமச்சீராக இருக்கட்டும் என்று நடுவில் இன்னொரு புள்ளி சேர்ப்பார். அதுவும் நடக்கும். ஆகவே புள்ளி இரண்டே இரண்டு, சின்னது, துடுப்பை ஒட்டியபடி. சின்ன உறையில் அச்சிட்டால் மை பரவி அவை மறைந்துவிடும் என்று பயமிருந்தால் மீன் இருக்கும் முதல் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என் ஓட்டும் அதற்குத்தான். வாங்குபவர் கண்ணுக்கும் மீன் பிடிக்கும்.

மீன் வடிவத்துக்கு உறுதியான சாட்சியும் இருக்கிறது. குவாதமாலாவின் ரியோ அசூல் என்ற இடத்தில் 1984-இல் ஒரு கல்லறையைத் திறந்தபோது, திருகி மூடும் மூடியுள்ள ஒரு ஜாடி கிடைத்தது. அதன் மேல் கக்கவ் என்ற சொல், மீனோடு எழுதியிருந்தது. உள்ளே ஒட்டியிருந்த கறையை அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி ஆய்வகத்தில் சோதித்தார்கள். கொக்கோவில் இருக்கும் தியோபுரோமின் வந்தது. வெளியே எழுதியதும் உள்ளே இருந்ததும் பொருந்திப் போயின. இதைவிடப் பெரிய சான்றிதழை உங்கள் ஏஜென்ட் எங்கிருந்து கொண்டுவருவார்?

மூன்றாவது படத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் கொக்கோ மரத்தின் பெயரை ஐந்து எழுத்தாக உடைத்து, எழுத்துக்கு ஒரு குறி என்று ஒட்டவைத்திருக்கிறார்கள். இந்த 'மாயா அகரவரிசை' எங்கிருந்து வந்தது தெரியுமா? தியேகோ தெ லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியிடமிருந்து. 1562-இல் மானி என்ற ஊரில் மாயா நூல்களைத் தீயில் போட்டவர் அவரேதான். பிறகு 1566 வாக்கில் எழுதிய தன் குறிப்பில், உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்து ஒரு 'அகரவரிசை' தயாரித்தார். இவர் ஸ்பானிய எழுத்தின் பெயரைச் சொல்ல, அவர் காதில் விழுந்த அசையை வரைந்து கொடுத்தார். B எழுத்தின் பெயரை இவர் 'பே' என்று சொன்னால், 'பே' என்ற அசைக்கு உரிய பாதச்சுவடு வரும். லாண்டாவோ அதை எழுத்து என்று நினைத்துக்கொண்டார். அது அசைப்பட்டியல் என்பதை 1952-இல் யூரி க்னோரோசோவ் என்ற ரஷ்ய அறிஞர் விளக்கினார். அதே பட்டியலில் நம் துடுப்பு 'க' என்ற இடத்தில் சரியாகவே உட்கார்ந்திருக்கிறது. பட்டியலைப் படிக்கத் தெரியாதவர்கள்தான் பிரச்சினை. 70 வருஷம் தாண்டியும் அருங்காட்சியகக் கடைகளில் இந்த அகரவரிசை போஸ்டர் தொங்குகிறது. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் சரியான விளக்கம், வெளியே கடையில் தப்பான போஸ்டர். சொன்னால், நன்றாக விற்கிறது சார் என்கிறார்கள்.

'உங்கள் பெயரை மாயாவில் எழுதித் தருகிறோம்' என்று வெள்ளி டாலர் விற்பவர்கள், ஃபான்ட் விற்பவர்கள், சான்றிதழ் விற்பவர்கள் எல்லாரும் இந்த ஒரே மரத்தில் பழுத்தவர்கள். மாயா எழுத்துக்கு எந்த அரசும் எந்தப் பல்கலைக்கழகமும் லோகோவுக்குச் சான்றிதழ் தருவதில்லை. ஏஜென்ட் காட்டும் முத்திரை அவர் வீட்டு பிரிண்டரில் பிறந்தது. டிரேட்மார்க்குக்கு அது தேவை என்று அடுத்து சொல்வார், பாருங்கள். பதிவு மனுவில் இந்தி, ஆங்கிலம் அல்லாத எழுத்து இருந்தால் அதன் ஒலிப்பையும் பொருளையும் நீங்கள் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பொருள் 'கொக்கோ' என்று எழுதியதும், விற்கும் சரக்கையே சொல்லும் பெயர் என்று ஆட்சேபணை வரலாம். ஆகவே பதிவுக்கு உங்கள் கம்பெனிப் பெயரை நம்புங்கள், இந்தக் குறியை அலங்காரமாக வையுங்கள். இதைச் சொன்னால் ஏஜென்டுக்குக் கமிஷன் இல்லை, அதனால் சொல்ல மாட்டார்.

ஏலக்கடைகளின் படங்களிலிருந்தும் நகலெடுக்க வேண்டாம். கல்லறைகளைத் தோண்டித் திருடிய கிண்ணங்கள் அங்கே நிறைய. விலை ஏறட்டும் என்று அழிந்துபோன இடங்களில் யாரோ புதிதாகத் தீட்டிவிடுவார்கள். நீங்கள் நகலெடுப்பது மாயர் எழுதியதா, வியாபாரி எழுதியதா என்று தெரியாது. அகழாய்வில் கிடைத்த பொருளின் கோட்டோவியத்தைப் பார்த்து டிசைனரைப் புதிதாக வரையச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட ஓவியங்கள் பல, சாதாரண ஆள் விலை கொடுத்து வாங்க முடியாத ஆய்விதழ்களுக்குள் பூட்டிக் கிடக்கின்றன, என்ன செய்ய. கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

டிசைனருக்கு இன்னும் இரண்டு வார்த்தை. மூன்று குறிகளையும் ஒரே சதுரக் கட்டத்துக்குள் நெருக்கமாக வைக்க வேண்டும், ரயில் பெட்டி மாதிரி நீட்டக் கூடாது. மீன் இடப்பக்கம் பார்க்கட்டும். பிராண்ட் பெயரைப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டுவிடுவார், விடாதீர்கள்.

அப்புறம் அந்தக் காலண்டர் வட்டம். நடுவில் நாக்கை நீட்டிய முகம் இருக்கிறதா? இருந்தால் அது மாயர்களுடையதே அல்ல. 1790-இல் மெக்சிகோ நகரத்தில் தோண்டி எடுத்த அஸ்தெக் சூரியக் கல். வேறு மக்கள், வேறு மொழி, வேறு காலம். மெக்சிகோ கடற்கரைக் கடைகளில் பாதிப்பேர் அதை மாயா என்றே சொல்லி விற்கிறார்கள், சாக்லேட் உறைகளிலும் அது ஏறிவிட்டது. பின்பக்கத்திலிருந்து அதை எடுத்துவிட்டு, கொக்கோ எந்தத் தோப்பிலிருந்து வந்தது என்று எழுதுங்கள்.