1823-ல் ஐரோப்பியப் பேரரசுகள் சேர்ந்து படையெடுத்திருந்தால் அமெரிக்கா தப்பித்திருக்குமா?

பிரிட்டன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் சொல்லுங்கள். நழுவுவதற்காகக் கேட்கவில்லை, இந்தக் கேள்விக்கு முக்கால்வாசிப் பதிலே அதில்தான் இருக்கிறது.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1823 டிசம்பர் 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ, இனிமேல் அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் யாரும் புதிதாகக் காலனி பிடிக்கக் கூடாது, விடுதலை பெற்ற ஸ்பானியக் காலனிகளில் கைவைத்தால் அதை எங்கள் மீதான பகையாகவே பார்ப்போம் என்று காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் அறிவித்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் பிரான்ஸ் ஒரு லட்சம் பேர் கொண்ட படையை ஸ்பெயினுக்குள் அனுப்பி, அரசியல் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மன்னர் ஃபெர்டினாண்டுக்கு முழு அதிகாரத்தையும் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டிருந்தது. ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா மூன்றுக்கும் அதில் சம்மதம். அடுத்து இவர்கள் தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுவார்கள் என்ற பயம் வாஷிங்டனில் நிஜமாகவே இருந்தது. அப்போது அமெரிக்காவின் நிரந்தரத் தரைப்படை எவ்வளவு தெரியுமா? சுமார் 6,000 பேர். செலவு மிச்சம் பிடிக்கிறோம் என்று 1821-ல் காங்கிரஸே வெட்டிவிட்டது. மக்கள்தொகை 1820 கணக்குப்படி 96 லட்சம், அதில் 15 லட்சத்துக்கும் மேல் அடிமைகள். இந்தப் பதினைந்து லட்சத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வருகிறேன்.

பிரிட்டன் சும்மா இருக்கிறது அல்லது அமெரிக்கா பக்கம் சாய்கிறது என்றால், போரே நடக்காது. ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு படையைக் கொண்டுபோகும் நிலையில் இல்லை. ரஷ்யாவிடம் கப்பல்கள் உண்டு, ஆனால் அவற்றில் சிலவற்றை 1817-ல் ஸ்பெயின் விலைக்கு வாங்கி, வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் பாதி உளுத்துப்போனவை. ஸ்பெயின் கதை இன்னும் மோசம்: அமெரிக்காவுக்கு அனுப்புவதற்காகக் தன் காடிஸ் துறைமுகத்துப் பக்கம் திரட்டி வைத்த படையே 1820 ஜனவரி 1 அன்று ரியேகோ என்ற அதிகாரி தலைமையில் கலகம் செய்துவிட்டது. மிச்சம் பிரான்ஸ். அதுவும் பிரிட்டிஷ் கடற்படையை நினைத்து, ஸ்பானியக் காலனிகள் மேல் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று 1823 அக்டோபரிலேயே லண்டனில் எழுதிக் கொடுத்துவிட்டது. அதாவது மன்றோ வாய் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே விஷயம் முடிந்துபோயிருந்தது, அது அவருக்குத்தான் தெரியாது.

சரி, பிரிட்டனும் எதிரணியில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்குக் கற்பனை அதிகம் வேண்டாம், 1812 முதல் 1815 வரை பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போரைப் பார்த்தால் போதும். 1814 ஆகஸ்ட் 24 அன்று ஏறக்குறைய 4,500 பிரிட்டிஷ் வீரர்கள் வாஷிங்டனுக்குள் நடந்து வந்து ஜனாதிபதி மாளிகையையும் காங்கிரஸ் கட்டடத்தையும் கொளுத்திவிட்டுப் போனார்கள். தலைநகரம் போனால் நாடு போச்சு என்று ஐரோப்பாவில் கணக்கு. அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை, ஏனென்றால் பிடித்து உலுக்கினால் நாடே விழுகிற மாதிரி ஒரு மையம் அந்த நாட்டுக்கு இல்லை. அடுத்த மாதமே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு கனடாவிலிருந்து இறங்கிய பிரிட்டிஷ் தளபதி ப்ரெவோ, எல்லையை ஒட்டிய சாம்ப்ளேன் ஏரியில் தன் கப்பல்கள் தோற்றதும் தரைச்சண்டையைக்கூட ஒழுங்காகத் தொடங்காமல் திரும்பிவிட்டார். கோழைத்தனம் என்று பலர் அவரைத் திட்டுவார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாலையே இல்லாத அந்தக் காட்டில் அரிசி பருப்பு முதல் பீரங்கிக் குண்டு வரை எல்லாம் தண்ணீர் வழியாகத்தான் வந்தாக வேண்டும், ஏரி போனால் சோறு போச்சு. நீங்கள் போய் முடித்துக் கொடுங்கள் என்று பிரிட்டனின் பெரிய தளபதி வெலிங்டனைக் கேட்டபோது அவர் சொன்னதும் அதைத்தான்: அங்கே தேவை தளபதி இல்லை, ஏரிகளில் கடற்படை பலம்.

ஆனால் தரையில் தோற்கடிக்க முடியாது என்பதை வைத்து 'அமெரிக்கா ஜெயிக்கும்' என்று எழுதுகிறவர்கள் கஜானாவை மறந்துவிடுகிறார்கள். அன்றைய மத்திய அரசின் வருமானத்தில் பெரும்பகுதி துறைமுகச் சுங்க வரி. பிரிட்டன் கடற்கரையை முற்றுகையிட்டால் ஏற்றுமதி மட்டும் நிற்காது, அரசாங்கமே சம்பளம் கொடுக்க முடியாமல் நிற்கும். 1807-ல் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1814-ல் 70 லட்சத்துக்கு இறங்கியது, அந்த ஆண்டு நவம்பரில் அரசு கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் திணறியது. வியாபாரம் படுத்ததில் கடுப்பான நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்கு) மாநிலங்கள் ஹார்ட்ஃபோர்ட் நகரில் தனியாக மாநாடு கூட்டின. 1823-லும் இதே பலவீனம் அப்படியே இருந்தது.

இப்போது அந்தப் பதினைந்து லட்சம் பேர். ஐரோப்பியர் தூரதேசத்தில் நிலைத்து ஜெயித்தது பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களை வைத்துத்தான். கம்பெனியின் மதராஸ் படையில் நின்று சுட்டவர்கள் யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் அப்படிச் சேரக்கூடியவர்கள் இரண்டு தரப்பு. பழங்குடியினரில் பிரிட்டன் பக்கம் நின்று சண்டை போட்ட தலைவர் டெகும்சே 1813-ல் களத்தில் இறந்துவிட்டார், சமாதானம் பேசும்போது அவர் மக்களுக்குத் தனி நிலம் கேட்ட பிரிட்டன் கடைசியில் அதைக் கைவிட்டது, மறுபடி கூப்பிட்டால் நம்பி வர அவர்களுக்கு என்ன பைத்தியமா? அடிமைகள் விஷயம் வேறு. 1814-ல் பிரிட்டிஷ் அட்மிரல் காக்ரேன் 'வருகிறவர்களுக்கு விடுதலை' என்று அறிவித்தபோது ஆயிரக்கணக்கானோர் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள், சீருடை போட்டு பழைய எஜமானர்களுக்கு எதிராகவே சண்டை போட்டவர்களும் உண்டு, போருக்குப் பின் அவர்களில் பலரை டிரினிடாடில் குடியமர்த்தினார்கள். 1822-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் டென்மார்க் வீசி என்ற கறுப்பினத்தவர் அடிமை எழுச்சிக்குத் திட்டமிட்டார் என்று சொல்லி 35 பேரைத் தூக்கில் போட்டதைப் பார்த்தாலே தென் மாநில முதலாளிகள் எவ்வளவு நடுங்கிக்கொண்டிருந்தார்கள் என்று தெரியும். ஒரு பிரிட்டிஷ் படை தென் கரோலினாவில் இறங்கி முழு விடுதலை அறிவித்திருந்தால், என் கணிப்பில் அமெரிக்கா உடைவதற்கு இருந்த ஒரே வழி அதுதான்.

செய்திருப்பார்களா? மாட்டார்கள். 1823 ஆகஸ்டில் பிரிட்டனுடைய டெமராரா காலனியிலேயே (இன்றைய கயானாவில்) ஆயிரக்கணக்கான அடிமைகள் எழுச்சி செய்து, அதை ரத்தத்தில் அடக்கிய நேரம் அது. ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் வைத்திருக்கிறவன் பக்கத்து வீட்டு அடிமைக்கு விடுதலை என்று சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. போதாததற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகள் ஓடியதே பெரும்பாலும் அமெரிக்கப் பருத்தியில்தான், தென் மாநிலங்களைக் கொளுத்தினால் மான்செஸ்டரில் வேலை போகும்.

ஆக, எல்லாரும் சேர்ந்து வந்தாலும் இரண்டு மூன்று வருட முற்றுகை, எரிந்த சில துறைமுகங்கள், திவாலான அரசு, அப்புறம் ஒரு ஒப்பந்தம். நிலம் பறிபோனால் அது வடகிழக்கு மூலையில் கிழக்கு மெயினாக இருந்திருக்கும். 1814 செப்டம்பரில் பிரிட்டன் அதைப் பிடித்து எட்டு மாதம் வைத்திருந்து, காஸ்டீன் துறைமுகத்தில் சுங்க வரியும் வசூல் செய்தது. அந்தப் பணத்தில்தான் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் டல்ஹௌசி கல்லூரியைத் தொடங்கினார்கள் (நம்ம ஊர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் அப்பா பெயரில்).