பணம் முழுவதையும் பம்புக்கே அனுப்பாதீர்கள்

கேள்வி: என் மகன் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில், லிலாங்வேயில் வேலை பார்க்கிறான். அங்கே பெண்கள் ஓடைத் தண்ணீரைச் சுமந்து போகும் படங்களைப் பார்த்து, எங்கள் குடியிருப்பில் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறோம். ஒரு கிராமத்துக்கு போர்வெல் போட்டுத் தர ஆசை. பிள்ளைகள் சுற்றி விளையாடும் ராட்டினப் பம்பு வைக்கலாமா? எங்கள் பெயரைக் கல்லில் பொறிக்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் அம்மா. ராட்டினம் மட்டும் வேண்டாம்.

அது தென்னாப்பிரிக்காவில் பிறந்த பம்பு. பிள்ளைகள் சுற்றச் சுற்ற, தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறும். பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. 2006இல் அமெரிக்க அரசும் சில அறக்கட்டளைகளும் சேர்ந்து 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தன. 2010க்குள் 4,000 பம்பு வைப்பது இலக்கு. ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர், சாதாரண அடிபம்பைவிட ஏறக்குறைய நாலு மடங்கு. ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். பிரிட்டிஷ் நாளேடு ஒன்று கணக்குப் பார்த்தது: அதற்குப் பிள்ளைகள் நாளுக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டுமாம்! பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் அந்தச் சக்கரத்தைக் குனிந்து தள்ளியது பெண்கள்தான். மலாவியில், ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டிய ஊர்களும் உண்டு. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

மலாவியில் பம்பு பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்தவன் நான். அங்கே பரவலாக இருப்பது ஆஃப்ரிடெவ் அடிபம்பு. கிராமத்துக்காரர்களே சரிசெய்ய வேண்டும் என்று 1980களில் வடிவமைத்தது. நம் ஊர் மார்க் 2 பம்பில் வாஷர் தேய்ந்தால், கனத்த இரும்புக் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். (கோவைப் பக்கக் கிராமங்களில் சோதித்து வளர்ந்த பம்பு அது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பிறகு அங்கேயே கள ஆய்வு நடத்தி மார்க் 3 வந்தது.) ஆஃப்ரிடெவ்வில் குழாயைத் தொடவே வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பியை மட்டும் உருவி எடுத்து, யூ சீல் என்னும் ரப்பரை மாற்றி, திரும்ப இறக்கிவிடலாம். ஒரே ஸ்பேனர் போதும். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டே பெண்கள் இதைச் செய்வார்கள்.

அப்படியிருந்தும் பம்புகள் ஏன் நிற்கின்றன? ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே அடிபம்புகளில் மூன்றில் ஒன்று வேலை செய்யவில்லை என்பது 2009இல் வந்த மதிப்பீடு. நான் பார்த்தவரை, ரப்பர் தேயும்போது வாங்கக் காசு இருக்காது. காசு இருந்தால் பக்கத்துக் கடையில் ரப்பர் இருக்காது. ஊர்த் தண்ணீர்க் குழு மாதாமாதம் வசூலிப்பதாக எழுதி வைத்திருப்பார்கள். மக்காச்சோளம் அறுவடையாவது ஏப்ரல், மே மாதங்களில். ஜனவரியில் வீட்டில் மாவே இல்லாதவரிடம் போய்ப் பம்புக் காசு கேட்டால் எங்கிருந்து தருவார்? அறுவடை முடிந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை வசூலித்த ஊர்களில் பம்பு ஓடியது.

ஆகவே சேர்ந்த பணம் முழுவதையும் துளை போடுவதிலேயே தீர்த்துவிடாதீர்கள். ஒரு பங்கை உதிரிபாகங்களுக்கும் அந்த வட்டாரப் பம்பு மெக்கானிக்கின் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். போர் போடுவதை, அங்கே கோடை முடியும் செப்டம்பர், அக்டோபரில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் போட்டால் தண்ணீர் மேலேயே கிடைத்துவிடும், கோடையில் பம்பு வறண்டுவிடும். தெற்கே ஷிரே ஆற்றுச் சமவெளி என்றால், பம்பு மாட்டுவதற்கு முன் உப்பைச் சோதிக்க வேண்டும்.

இன்னொன்றும் யோசியுங்கள். அதே வட்டாரத்தில் நின்றுபோன பம்புகள் எத்தனை என்று உங்கள் மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். புதிதாக ஒன்று போடும் செலவில் பழையவை பலவற்றை ஓட வைக்கலாம். எனக்கு அதுதான் முதல் விருப்பம்.

கல்லா? வையுங்கள். உங்கள் பெயர் ஒரு வரியில் இருக்கட்டும். அதற்குக் கீழே துளையின் ஆழம், தண்ணீர் நின்ற மட்டம், போட்ட தேதி, உதிரிபாகக் கடை இருக்கும் ஊர், நாலையும் சிச்சேவா மொழியில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பத்து வருஷம் கழித்துப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக் முதலில் தேடுவது அந்த ஆழத்தைத்தான்.