வாசகர் கேள்வி – பதில்: ஆசிரியரும் மாணவரின் தன்னம்பிக்கையும்

கேள்வி: பள்ளிப் படிப்பு முடிந்து வெகுகாலம் ஆன பின்னும் சில ஆசிரியர்களை நாம் மறப்பதில்லை. அது வெறும் நினைவுதானா, அவர்களின் தாக்கம் வாழ்க்கையிலும் தொடர்கிறதா?

தொடர்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் சுமார் 25 லட்சம் மாணவர்களின் பள்ளிப் பதிவுகளைப் பிற்கால வருமான விவரங்களோடு ஒப்பிட்டு, 2014-இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். மாணவர்களை நன்கு முன்னேற்றும் ஆசிரியரிடம் படித்தவர்கள் கல்லூரிக்குச் செல்வதும் பிற்காலத்தில் கூடுதலாகச் சம்பாதிப்பதும் அதில் தெரியவந்தது. இத்தனைக்கும், அந்த ஆசிரியரால் கூடிய மதிப்பெண்களின் பலன் அடுத்த சில ஆண்டுகளிலேயே பெருமளவு தேய்ந்துவிடுகிறது. பாடம் மறந்த பிறகும் தங்கிவிடுவது, புரியாத ஒன்றின் முன் பயப்படாமல் உட்கார்ந்திருக்கும் துணிவுதான் என்பது என் கருத்து.

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம் அவளுடைய ஆசிரியை, "உனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் வகுப்பில் வாய் திறப்பதே இல்லை. ஒரு சொல்லுக்கு இவ்வளவு வலிமை உண்டா?

அந்தச் சொல் உங்கள் மகளைக் காயப்படுத்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைவிட, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் நாள்தோறும் வகுப்பறையில் எப்படிச் செயல்படுகிறது என்பதையே நான் கவலையோடு பார்க்கிறேன். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ரோசென்தாலும் பள்ளி முதல்வர் லெனோர் ஜேக்கப்சனும் கலிஃபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் சில குழந்தைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 'இவர்கள் இந்த ஆண்டு வேகமாக வளர்வார்கள்' என்று ஆசிரியர்களிடம் தெரிவித்தார்கள். ஆண்டு முடிவில், முதல் இரண்டு வகுப்புகளில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்ததாக 1968-இல் எழுதினார்கள். இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பது குறித்துப் பின்னாளில் கடுமையான விவாதங்கள் நடந்திருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரை எந்த வழியில் சென்றடைகிறது என்பதற்கு அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தந்த விளக்கம் எனக்கு மிகவும் முக்கியமானது. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், திறமை குறைந்தவர்கள் என்று தாங்கள் கருதும் மாணவர்களுக்கு அதைவிடவும் குறைவாகவே காத்திருக்கிறார்கள் என்பதையும் அவர் கண்டறிந்தார். மாணவி எழுந்து நிற்கிறாள், மனத்துக்குள் கணக்கைப் போட்டுக்கொண்டே உதட்டைத் திறக்கிறாள். அதற்குள் கேள்வி அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறது. யாரும் அவளைத் திட்டவில்லை. இருந்தும், தன்னிடமிருந்து பதிலை எவரும் எதிர்பார்க்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது. காத்திருக்கும் நேரத்தை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. 'தெரியாது' என்பது குறைந்தது. தாமாகப் பேசத் தொடங்கிய மாணவர்களும் கூடினார்கள்.

ஆசிரியையை நேரில் சந்தித்துப் பேசுங்கள். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதைவிட, உங்கள் மகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்து, அவள் கரும்பலகையில் அதைப் போட்டு முடிக்கும் வரை குறுக்கிடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அவளுக்குப் பாடம் சொல்லித் தரும்போதும் விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: நான் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர். கட்டுரைகளில் தவறுகளைச் சுட்டிக்காட்டினால் மாணவர்கள் மனம் தளர்ந்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன். என் தயக்கம் சரியா?

சரியில்லை. அமெரிக்க உளவியலாளர் டேவிட் யேகரும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகள் திருத்தங்களோடு திருப்பித் தரப்பட்டன. 'உன்னிடம் அதிகம் எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்பதும் எனக்குத் தெரியும், அதனால்தான் இவற்றை எழுதுகிறேன்' என்ற பொருளில் ஒரு குறிப்பைப் பெற்றவர்களில் கூடுதலானோர் கட்டுரையைத் திருத்தி எழுத முன்வந்தார்கள். பள்ளியின் மீது நம்பிக்கை குறைந்திருந்த கறுப்பின மாணவர்களிடம் இந்த மாற்றம் மிகுதியாக இருந்தது. எனவே தாராளமாகத் திருத்துங்கள், எதற்காகத் திருத்துகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். மாணவர்கள் மாற்றி எழுதிக் கொண்டுவருவதைப் படிக்கவும் நேரம் ஒதுக்குங்கள்; அது படிக்கப்படாமல் மேசையில் கிடந்தால், முதலில் எழுதிய குறிப்பை அவர்கள் நம்பமாட்டார்கள்.