கொலாப்னா என்னடி?

அன்புள்ள அக்கா,

இரண்டு வருடமாக இன்ஸ்டாகிராமில் சமையல் ரீல்ஸ் போடுகிறேன். 14,000 பேர் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு மரச்செக்கு எண்ணெய் கம்பெனி 5 லிட்டர் கடலை எண்ணெயும் 2 லிட்டர் நல்லெண்ணெயும் அனுப்பி ஒரு ரீல் கேட்டார்கள். காசு எதுவும் தரவில்லை. "விளம்பரம்னு போட்டா ரீச் போயிடும், நெறைய பேருக்குப் போய்ச் சேராது, கடைசியில கொலாப்னு ஒரு ஹேஷ்டேக் போதும்" என்கிறார்கள். எண்ணெய் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. காசும் வாங்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. அப்படியும் சொல்லியே ஆக வேண்டுமா?

ம., பொள்ளாச்சி

அன்புள்ள ம.,

சொல்லத்தான் வேண்டும். ஏழு லிட்டர் செக்கு எண்ணெய் கடையில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அது கூலிதான், நோட்டாக வராமல் கேனில் வந்திருக்கிறது. வருமான வரிக்காரர்களே இதை அப்படித்தான் பார்க்கிறார்கள். 2022 ஜூலை 1 முதல், ஒரு கம்பெனி வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் இலவசப் பொருள் கொடுத்து அதை நாமே வைத்துக்கொண்டால், அந்தக் கம்பெனி 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். திருப்பிக் கொடுத்துவிட்டால் வரி இல்லை. உங்கள் எண்ணெய் அந்தக் கணக்குக்குள் வராது, ஆனாலும் இலவசம் என்று ஒன்று கிடையாது என்பது புரியும்.

என் கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி எனக்கு டேபிள் டாப் கிரைண்டர் கொடுத்தது, மேலே கொஞ்சம் பணமும். நான் இட்லி மாவு அரைத்துக் காட்டினேன். தலைப்புக்குக் கீழே பதினைந்து ஹேஷ்டேக், அதில் பன்னிரண்டாவதாக இங்கிலீஷில் கொலாப். கடமை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த தெருவில் இருக்கும் என் பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு அதே கிரைண்டரை வாங்கினார். நாலே மாதத்தில் பெல்ட் போய்விட்டது. சர்வீஸுக்கு ஆள் வரவில்லை. ஒருநாள் காலையில் வந்தவர் நேராக என் சமையலறைக்குள் போனார். அங்கே ஓடிக்கொண்டிருந்தது என் பழைய கிரைண்டர். "நீ தினமும் அதுலதான் அரைக்கிறேன்னு நெனச்சேன்" என்றார். நான் போனை எடுத்து அந்தப் பன்னிரண்டாவது ஹேஷ்டேக்கைக் காட்டினேன். (இப்போது நினைத்தாலும் கூசுகிறது.) "கொலாப்னா என்னடி?" என்று கேட்டார். 'கொலாபரேஷன்' என்பதன் சுருக்கம், கம்பெனியோடு சேர்ந்து செய்தது என்று விளக்கினேன். "அதை விளம்பரம்னு தமிழ்ல போட்டா என்ன?"

என்னிடம் பதில் இல்லை. அந்த வார்த்தையை நான் எழுதியதே பெரியம்மா மாதிரி ஆட்களுக்குப் புரியக் கூடாது என்றுதான்.

பிறகுதான் விதிகளை உட்கார்ந்து படித்தேன். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், அதாவது ஆஸ்கி, 2021 ஜூன் 14 முதல் நம்மைப் போன்றவர்களுக்கென்று ஒரு நெறிமுறை வைத்திருக்கிறது. இலவசப் பொருள், தள்ளுபடி, ஓட்டலில் தங்க வைப்பது எல்லாமே கம்பெனியோடு நமக்கு இருக்கிற உறவுதான், அதைப் பார்ப்பவர்களிடம் சொல்ல வேண்டும் என்கிறது அது. ஹேஷ்டேக் கும்பலுக்குள் ஒளிக்கக் கூடாது. 15 வினாடி வரையிலான வீடியோ என்றால் குறைந்தது 3 வினாடி அந்த அறிவிப்பு தெரிய வேண்டும். அதற்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் வீடியோவில் மூன்றில் ஒரு பங்கு நேரம். உங்கள் ரீல் 45 வினாடி என்றால் 15 வினாடி. மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் ஒரு கையேடு வெளியிட்டது. எந்த மொழியில் பேசுகிறோமோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும், எழுத்திலும் குரலிலும் சொல்ல வேண்டும் என்கிறது அது. பெரியம்மா கேட்டதும் அதேதான்.

தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம் உண்டு, மறுபடியும் மாட்டினால் 50 லட்சம் வரை. ஏழு லிட்டர் எண்ணெய்க்காக உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டப் போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் அவர்கள் எழுதிக் கொடுத்த வசனத்தில் 'கொலஸ்ட்ரால் குறையும்' என்கிற மாதிரி ஏதாவது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுங்கள். விசாரிக்காமல் அதைப் பேசினால் பொறுப்பு உங்களுக்கும் வரும். ருசியைப் பற்றி மட்டும் பேசுங்கள், அது உங்களுக்குத் தெரிந்த விஷயம்.

எண்ணெய் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். சரி, அதையும் சொல்லுங்கள், இலவசமாக வந்தது என்பதையும் சொல்லுங்கள். கோயிலுக்குக் கொடுத்த டியூப் லைட்டில் வெளிச்சம் மறைகிற அளவுக்கு 'உபயம்' என்று பெயர் எழுதுகிற ஊர் நம்முடையது. எண்ணெய் கேனுக்கு மட்டும் எதற்கு இந்த வெட்கம்?

இனி செய்முறை. 'விளம்பரம்' என்ற எழுத்தை ரீலின் மேல்பக்கம் வையுங்கள். கீழே வைத்தால் தலைப்பு வந்து மூடிவிடும், வலது ஓரத்தில் லைக் பொத்தான்கள். பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கு எழுத்து. அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக் காதால் மட்டும் கேட்பவர்களுக்குக் குரல். கடாயில் எண்ணெய் ஊற்றும்போதே, "இந்த எண்ணெய் கம்பெனிக்காரங்க இலவசமா அனுப்பினது" என்று சொல்லிவிட்டால் மூன்று வினாடிகூட ஆகாது.

ரீச் விஷயம்: எனக்குச் சில வீடியோக்கள் விழுந்தன, சில விழவில்லை. அந்த ஒரு சொல்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது, புளிக்குழம்பு வீடியோ எந்த அறிவிப்பும் இல்லாமலே விழுந்தது. கம்பெனி ஒத்துக்கொள்ளாவிட்டால், "ஆஸ்கி விதிப்படி இதைச் சொல்கிற பொறுப்பு உங்களுக்கும் இருக்கிறது" என்று ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். எனக்கு இரண்டு கம்பெனிகள் சரி என்றன, ஒன்று பதிலே போடவில்லை. அதற்கும் பிடிக்கவில்லை என்றால் கேனைத் திருப்பி அனுப்புங்கள். பாதி காலியாகியிருந்தால் பாதிக்குக் காசு கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் வாழைப்பூ வடை ரீலைப் பார்த்தேன். பருப்பை எவ்வளவு நேரம் ஊற வைத்தீர்கள் என்று சொல்லவே இல்லையே?