மூன்று திரைக்கு ஒரு கீபோர்டு: கோத்தகிரி வாசகிக்குப் பதில்

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் விண்டோஸ் டெஸ்க்டாப், மகன் வாங்கித் தந்த ஐபேட், ஆண்ட்ராய்டு போன் மூன்றும் இருக்கின்றன. அக்கம்பக்கத்துத் தேயிலை விவசாயிகளுக்கு மனுவும் கடிதமும் எழுதித் தருகிறேன். விரல் மூட்டு வலியால் போன் திரையில் அடிக்க முடியவில்லை. மூன்றுக்கும் ஒரே வயர்லெஸ் கீபோர்டு வைத்துக்கொள்ளலாமா? ஒவ்வொரு தடவையும் புதிதாக இணைக்க வேண்டுமா? தமிழ் அடிக்க வருமா? மழைக்காலத்தில் இங்கே கரண்ட் அடிக்கடி போகும், அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இணைக்க வேண்டியது ஒரே ஒரு தடவைதான். அப்புறம் ஒரு பொத்தானைத் தட்டினால் கீபோர்டு கம்ப்யூட்டரை விட்டு டேப்புக்குப் போகும், இன்னொன்றைத் தட்டினால் போனுக்கு வரும். தமிழும் வரும். ஆனால் தமிழ் வருவது கீபோர்டால் அல்ல. குன்னூரில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கீபோர்டுக்கு எந்த மொழியும் தெரியாது. நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் அது எழுத்தை அனுப்புவதில்லை, ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது. ஹெச் என்று அச்சடித்த விசையை அழுத்தினால் போகிற எண் 11. அதை வாங்கிக்கொள்ளும் கருவி ஆங்கிலத்தில் இருந்தால் திரையில் ஹெச் விழும். தமிழ் 99 என்ற தமிழ்த் தட்டச்சு அமைப்பில் இருந்தால் அதே 11க்கு 'க' விழும். அதனால் 'தமிழ் கீபோர்டு' என்று தேடி அலைய வேண்டாம். சாதாரண கீபோர்டே போதும். தமிழை உங்கள் மூன்று கருவிகளிலும் தனித்தனியாக அமைக்க வேண்டும்.

இனி வாங்கும் விஷயம். கடையில் 'வயர்லெஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு சின்ன யுஎஸ்பி ரிசீவரோடு வருவதை எடுத்துக் கொடுப்பார்கள். அது உங்களுக்கு உதவாது. ரிசீவர் எதில் செருகியிருக்கிறதோ அந்த ஒரு கருவிக்குத்தான் அது வேலை செய்யும். நீங்கள் கேட்க வேண்டியது 'மல்டி டிவைஸ் ப்ளூடூத்' கீபோர்டு. மூன்று கருவிகளை நினைவில் வைத்துக்கொள்வதாக இருக்க வேண்டும். அதிலும் மூன்றுக்கும் தனித்தனிப் பொத்தான் இருப்பதையே வாங்குங்கள். ஒரே பொத்தானை அமுக்கி அமுக்கி வரிசையாகச் சுற்றும் வகையில், இப்போது எதில் நிற்கிறோம் என்பது அடிக்கடி மறந்துவிடும்.

எல்லோருக்கும் கிடைக்கிற உதாரணமாக லாஜிடெக் கே380, கே480 இரண்டையும் சொல்லலாம். கே380இல் எஃப்1, எஃப்2, எஃப்3 இருக்கும் இடமே மூன்று மாற்றுப் பொத்தான்கள். விசைகள் தாழ்வாக, மெல்ல அழுத்தினாலே இறங்கும். கே480இல் இடது மூலையில் 1, 2, 3 என்று திருகும் சக்கரம் இருக்கிறது, மேலே போனையும் டேப்பையும் சாய்த்து நிறுத்த ஒரு பள்ளமும் இருக்கிறது. சக்கரம் எந்த எண்ணில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. ஆனாலும் உங்கள் மூட்டு வலியை நினைத்தால் கே380 மாதிரி இலகுவான விசையுள்ளதைத்தான் சொல்வேன், போனை நிறுத்த ஒரு மரத் தாங்கி போதும். வாங்குமுன் கடையிலேயே நின்று பத்து வரி அடித்துப் பாருங்கள். விவசாயிகளுக்கு இலை எடைக் கணக்கும் போட்டுத் தருவதாக இருந்தால், வலப்பக்கம் தனி எண் விசைகள் உள்ள மாடலைப் பாருங்கள். இந்த இரண்டிலும் அது இல்லை.

டெஸ்க்டாப்பில் ப்ளூடூத் இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள். மேசைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருக்காது. இல்லையென்றால் நகம் அளவுக்கு ஒரு யுஎஸ்பி ப்ளூடூத் அடாப்டர் வாங்கிச் செருகினால் போதும். அதைப் பெட்டியின் பின்னால், ஹார்ட் டிஸ்க் செருகிய நீல நிற யுஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், யுஎஸ்பி 3இன் மின் இரைச்சலும் அங்கேயே வந்து விழும். எழுத்து விட்டுவிட்டு விழுவதற்கு அதுவே ஒரு காரணம். முன்பக்கத் துளையில் செருகுங்கள்.

இணைக்கும் முறையைப் பார்ப்போம். கே380ஐ வைத்தே சொல்கிறேன். முதல் பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடியுங்கள். அதன் மேல் இருக்கும் குட்டி விளக்கு படபடவென்று மின்னும். கம்ப்யூட்டரில் ப்ளூடூத் அமைப்பைத் திறந்தால் கீபோர்டின் பெயர் தெரியும், அதைத் தொடுங்கள். திரையில் ஓர் எண் வரும். இந்த எண்ணை எங்கே அடிப்பது என்று பலர் குழம்பிவிடுகிறார்கள். அதைப் புதுக் கீபோர்டில்தான் அடிக்க வேண்டும், அடித்துவிட்டு என்டர் தட்ட வேண்டும். திரையில் ஒவ்வொரு இலக்கமாக ஏறுவது தெரியாது, பரவாயில்லை, கடைசிவரை அடியுங்கள். விளக்கு மின்னுவது நின்று நிலையாக எரிந்தால் முடிந்தது. இரண்டாவது பொத்தானில் ஐபேடையும் மூன்றாவதில் போனையும் இதே மாதிரி இணையுங்கள். இனி மாறுவதற்குப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் போதும். நீளமாக அழுத்தினால் மறுபடி இணைக்கும் நிலைக்குப் போய்விடும், அதில் மட்டும் கவனமாக இருங்கள்.

தமிழுக்கு வருவோம். விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் பதிப்பிலிருந்தே தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அதன் உள்ளே போய் வேண்டிய விசைப்பலகையைச் சேருங்கள். தானாக வந்து உட்காரும் மற்றத் தமிழ்ப் பலகையை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மொழி மாற்றும்போது அதுவும் நடுவில் வந்து நிற்கும். மாற்றுவதற்கு விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ். ஐபேடிலும் இதே இரண்டும் உண்டு: அமைப்புகளில் பொது, கீபோர்டு என்று போய்த் தமிழைச் சேர்க்கலாம். அங்கே மாற்றுவதற்கு கன்ட்ரோலும் ஸ்பேஸும். இரண்டு கருவியிலும் ஒரே முறையை வையுங்கள். கைப்பழக்கம் மாற வேண்டியிருக்காது.

எதை வைப்பது? ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஒலிப்படி அடித்தே பழகியிருந்தால் அஞ்சல் உடனே கைவரும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முறை அது. ஆனால் உங்கள் விரல்களுக்காக ஒரு மாதம் முயன்று தமிழ் 99 பழகச் சொல்வேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரமாக அறிவித்தது அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம் இருக்கும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: க, ஓ, த, த, க, இ, ர, இ. எட்டே தட்டில் 'கோத்தகிரி'. ஒலிப்பு முறையில் இதற்குப் பன்னிரண்டு வரை போகும். ஒரு பக்க மனுவில் இந்த மிச்சம் எவ்வளவு என்று விரலுக்குத் தெரியும்.

போனில்தான் கொஞ்சம் சிக்கல். திரையில் தமிழ் காட்டும் செயலி வெளிக் கீபோர்டின் எண்ணையும் தமிழாக்கித் தரும் என்று உறுதி இல்லை. அமைப்புகளில் 'வெளிப்புறக் கீபோர்டு' என்ற பகுதிக்குப் போய்ப் பாருங்கள், அங்கே தமிழ் இருந்தால் அதிர்ஷ்டம். பல போன்களில் இருக்காது. இதோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. போனில் நீங்கள் தமிழ் அடிப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தானே? போனைத் தவிர இன்னும் நான்கு கருவிகளை அதில் இணைக்கலாம். டெஸ்க்டாப்பிலும் ஐபேடிலும் இணைத்துக்கொண்டால் அங்கிருந்தே தமிழில் அனுப்பிவிடலாம். மூன்றாவது பொத்தான் ஆங்கிலச் செய்திக்கும் தேடலுக்கும் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. போனைப் பார்த்துக்கொண்டே கடவுச்சொல்லை அடிப்போம், கீபோர்டு கம்ப்யூட்டரில் நின்றிருக்கும், அங்கே திறந்திருக்கும் உரையாடலில் அந்தச் சொல் போய் விழும். மாற்றியதும் கீபோர்டின் விளக்கு சில வினாடிகளில் அணைந்துவிடும் என்பதால் பார்த்தும் தெரியாது. மாறிய பிறகு முதலில் ஸ்பேஸை ஒரு தட்டுத் தட்டி, எந்தத் திரை அசைகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் எப்போதும் அந்தந்தக் கருவியின் திரையிலேயே அடியுங்கள்.

கரண்ட் விஷயத்தில் இந்த ஏற்பாடு உங்களுக்கு உண்மையாகவே கைகொடுக்கும். ஆடி மாதக் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் டெஸ்க்டாப் அணையும், கீபோர்டு அணையாது. இரண்டாவது பொத்தானைத் தட்டி ஐபேடில் தொடரலாம். அதற்கு மனுவைக் கம்ப்யூட்டருக்குள் வைக்காமல் கூகுள் டாக்ஸ் போன்ற இடத்தில் எழுத வேண்டும். அடிக்க அடிக்க அது சேமித்துக்கொண்டே போகும். ரூட்டரும் சேர்ந்து அணையும் என்பதால் போனின் ஹாட்ஸ்பாட்டை ஐபேடோடு ஒரு முறை இணைத்துப் பழகி வையுங்கள், இருட்டில் தேட வேண்டியிருக்காது.

கே380, கே480 இரண்டிலும் இரண்டு ஏஏஏ பேட்டரி. அதனால் கரண்டை எதிர்பார்க்க வேண்டியதே இல்லை. கே380க்கு நிறுவனம் இரண்டு வருடம் சொல்கிறது. நம் மலையில் நான் வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வேன். குளிரில் ஆல்கலைன் பேட்டரியின் வேகம் குறையும். புதியதில் தெரியாது, தீரும் நிலையில் இருப்பது மார்கழிக் காலையில் மக்கர் செய்து, வெயில் ஏறியதும் சரியாகும். அதைவிட ஈரம்தான் எனக்குக் கவலை. பழைய பேட்டரி கசிந்தால் வெள்ளைப் பொடி பூத்துக் கம்பிச்சுருளை அரித்துவிடும். அப்படிக் கண்டால் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதுப் பேட்டரி போடுங்கள். பல நாள் ஊரில் இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, டெஸ்க்டாப்பின் பழைய ஒயர் கீபோர்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். விண்டோஸ் எழுந்திருக்கும் முன் வரும் திரைகளில் ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் வேலை செய்யாது. கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோய் அப்படி ஒரு திரை காட்டும் நாளில் அது மேசை இழுப்பறையில் இருக்க வேண்டும்.